குலுக்கிப் போட வேண்டிய மருந்து

என் பிழைப்பே கண்ணை நம்பித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கர் வேலை. சட்டை மேஜைக்கு வரும். காலரில் ஆரம்பித்துக் கீழ் மடிப்பு வரை பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், காஜா கோணியிருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். என் கையைத் தாண்டிப் போன பீஸ் குறையோடு திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ரொம்பவே திமிர் உண்டு. அந்தத் திமிர் என் வீட்டுக்காரரின் வலது கண்ணை என்ன செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கிரைண்டிங் ஆபரேட்டர். அதே எஸ்டேட்டில், எங்கள் கம்பெனிக்கு நாலு தெரு தள்ளி, பத்துப் பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஷாப். அவருடைய அப்பாவும் சித்தப்பாக்களும் கள்ளிக்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு எஸ்டேட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் இவர். இரும்பை முடியளவுக்கும் கீழே தேய்த்துக் கொடுப்பார். அளவு பார்க்கும்போது வலது கண்ணைத்தான் வைப்பார், இடது கண்ணைச் சுருக்கிக்கொள்வார். கண்ணாடி போடச் சொல்லி கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள். அது நெற்றிமேல் இருக்கும். வேர்த்தால் மங்குகிறதாம். இதற்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வியாழக்கிழமை அவர் கண்ணில் இரும்புப் பிசிறு விழுந்தது. இது அந்தத் தெருவில் வாரத்துக்கு ஒருமுறை யாருக்காவது நடப்பதுதான். அதற்கென்று ஷாப்புக்கு ஒரு கை தேர்ந்த ஆள் இருப்பார். இவர்கள் ஷாப்பில் இருந்தவர் லேத்தில் நிற்கிற ஒரு டர்னர். அவரைக் கிண்டலாகக் கண் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். பழைய பஸ் டிக்கெட்டை ஊசிமுனை மாதிரி மடித்து, இமையை மேலே மடக்கி, ஒரே தட்டில் பிசிறை எடுத்துவிடுவார். எடுத்ததை விரல்நுனியில் வைத்துக் காட்டுவார். அன்றைக்கும் எடுத்தார், காட்டினார். இவர் குழாய்த் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது கண் மிளகாய்ப் பழமாக இருந்தது. உறுத்துகிறது என்றார். பஸ் டிக்கெட்டைக் கண்ணில் விட்டதற்கு நான் ஒரு பாட்டம் திட்டினேன். திட்டி முடித்ததும் பீரோவைத் திறந்தேன். அதற்கு முந்தின வருஷம் எங்கள் கம்பெனித் தையல் லைனில் மெட்ராஸ் ஐ வந்து பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு தைத்தார்கள். அப்போது யாரோ சொன்ன ஒரு சொட்டு மருந்தை நான் போட்டேன். தண்ணீர் கலந்த பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். குலுக்கிப் போட வேண்டும். ரெண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த மருந்தின் அட்டைப்பெட்டியை, என்றைக்காவது உதவும் என்று, புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் நீட்டினேன். கடைக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் அதே மருந்தை எடுத்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் கேட்கவில்லை என்பது நிஜம். கேட்டிருந்தாலும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரியும் மறுநாளும் மூன்று மூன்று முறை போட்டேன். சனிக்கிழமை காலையில் சிவப்பு பாதி போய்விட்டது. வலியும் குறைந்துவிட்டது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, டாக்டரிடம் போயிருந்தால் அரை நாள் சம்பளம் போயிருக்கும் என்று அவரிடமும் சொன்னேன், லைனில் என் பக்கத்து மேஜைக்காரியிடமும் சொன்னேன். அவர் வேலைக்குப் போனார். சிவப்பு போய்விட்டது, அதனால் கண் சரியாகிவிட்டது. மேஜையில் கறை இல்லாத சட்டையைத் தள்ளிவிடுவது மாதிரி நான் அந்தக் கண்ணைத் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை விடியும்போது அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டியூப்லைட்டைப் போடாதே என்றார். கன்னமெல்லாம் ஈரம். ஜன்னல் பக்கம் திருப்பி இமையை விலக்கிப் பார்த்தேன். கறுப்பு விழியின் நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. விழிக்கு அடியில் பிறை மாதிரி வெள்ளையாக ஏதோ தேங்கியிருந்தது. சீழ் கட்டிவிட்டது, உடைந்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்து இன்னும் ரெண்டு சொட்டு விட்டேன். கண்ணில் கட்டிய சீழ் எங்கே போய் உடையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு காலண்டர் தொங்குகிறது.

"ஒண்ணும் தெரியலமே. ஒரே பொகையா கீது" என்றார்.

அப்புறம்தான் கிளம்பினோம். பூந்தமல்லி பஸ்ஸில் அவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்து வந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் அவர் என்மேல் சாய்ந்தது அன்றைக்குத்தான். கண் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. மெல்லிய குரல். கருவியில் அவர் தாடையை வைக்கச் சொல்லி வெளிச்சத்தைக் கீறலாகப் பாய்ச்சிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ஏதாவது மருந்து போட்டீர்களா என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

அதை வாங்கிப் படித்தவர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். பிறகு, இது ஸ்டீராய்டு, வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குகிற மருந்து, கிருமியை ஒன்றும் செய்யாது என்றார். பிசிறு கீறின இடம் வழியாகப் பாக்டீரியா உள்ளே போயிருக்கிறது. உடம்பு அதோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அதனால்தான் சிவப்பு.

"சிவப்பு போனா குணம்னு நெனச்சிட்டீங்க. அது சண்டை நடக்கற அடையாளம். நீங்க சண்டையைத்தான் நிறுத்தினீங்க, கிருமியை இல்ல" என்றார்.

அந்த வார்த்தை என் மனதில் பதிந்துவிட்டது. பதியக் கூடாத விதத்தில் பதிந்தது என்பது பிறகு தெரிந்தது.

அன்றைக்கே புண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து விட்டுவிட்டு, சின்னக் கத்தியால் விழிமேல் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவினார்கள். எந்தக் கிருமி என்று பார்த்தால்தான் எந்த மருந்து என்று தெரியுமாம். வலி தெரியாது என்றார்கள். ஆனால் திறந்த கண்ணை நோக்கிக் கத்தி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஒரு கையால் நாற்காலியையும் இன்னொரு கையால் என் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். அவருடைய செருப்புக் கால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ரெண்டு வளையல் நெளிந்துவிட்டது. இதையெல்லாம் இவருக்கு இழுத்துவிட்டவள் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வெள்ளை மருந்து பாட்டிலில் என் கைப்பையில் கிடந்த ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக் குப்பையில் போட்டேன். எங்கள் வேலையில் அம்பு ஒட்டின பீஸ் அப்படியே மறுபடி மேஜைக்கு வரக் கூடாது. வந்தால் விட்டவள் கதி அதோகதிதான்.

அதற்கப்புறம் அஞ்சு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. ரெண்டு மருந்து. ஆஸ்பத்திரியிலேயே கலந்து கொடுத்தது, ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி விட வேண்டும். ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது. கண் பாப்பா விரிவதற்காகச் சிவப்பு மூடி போட்ட மருந்து ஒன்று தனி. ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். மருந்து விட்டதும் அந்தந்த மணிக்கு நேராக டிக் போட வேண்டும். இந்த மாதிரி வேலை எனக்குக் கைவந்தது. அலாரம் அடிக்கும் முன்னே விழித்துக்கொள்வேன். அவர் தூக்கத்திலேயே முகத்தை நிமிர்த்திக் காட்டப் பழகிவிட்டார். ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.

பலனும் தெரிந்தது. அடியில் தேங்கியிருந்த பிறை இறங்கியது. வலி குறைந்து ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். மறுபடி போனபோது டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார். சோதனை முடிவு வந்திருந்தது. பாக்டீரியாதான், வாயில் நுழையாத ஒரு பெயர். பூஞ்சை எதுவும் இல்லை, அதுதான் நல்ல செய்தி என்றார். கொடுத்த மருந்துக்குக் கிருமி அடங்குகிறது. அவற்றைக் குறைத்துத் தொடரச் சொல்லி, கண் காயாமல் இருக்கத் தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு மருந்தையும், கூடவே நாலு வேளைக்குப் புதிதாக இன்னொரு மருந்தையும் எழுதினார்.

கீழே மருந்து வாங்கிப் பஸ் ஸ்டாப்புக்கு வந்து பையைப் பிரித்தேன். அதே பாட்டில். அதே வெள்ளை. நன்றாகக் குலுக்கவும் என்று அதே வாசகம்.

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். டாக்டரம்மா அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தும் எழுந்து வெளியே வந்து நின்றபடியே சொன்னார். அன்றைக்கு அது விஷம், இன்றைக்கு மருந்து. அன்றைக்குக் கிருமியை எதிர்க்க எதுவும் இல்லாமல் இதைத் தனியாக விட்டீர்கள். இப்போது கிருமி எதுவென்று தெரியும், அது அடங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதோடு சண்டை போட வந்த வீக்கம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதை அப்படியே விட்டால் அது விழியையே அரிக்கும், தழும்பு நடுவில் கெட்டியாக விழும்.

"திருடனைப் பிடிக்க வந்த கூட்டம், திருடன் மாட்டினப்புறமும் வீட்டுக்குள்ளயே நின்னு சாமானையெல்லாம் மிதிச்சா என்ன ஆகும்? அவங்களை வெளிய அனுப்பத்தான் இது" என்றார்.

புரிகிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். மேனேஜர் பேசும்போதெல்லாம் பதினாறு வருஷம் ஆட்டியிருக்கிறேன்.

வீட்டில் அவர் தலையணையை முதுகுக்கு வைத்து முகத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். பாட்டிலை எடுத்தேன். மூடியைச் சுற்றியிருந்த சீலைத் திருகப் போனேன். கை வரவில்லை. என்ன சொன்னாலும் இது நான் ஒதுக்கித் தள்ளிய சரக்கு. இதே கையால் இதே மருந்தை விட்டுத்தான் அந்தக் கண்ணில் சீழ் கட்டினது. செல்போனில் மருந்தின் பெயரைப் போட்டு வீடியோக்கள் பார்த்தேன். கண் போய்விடும், கண் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சரியான ஆளின் மேற்பார்வையில் என்று ஒருவர் சேர்த்துச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். சின்ன டாக்டர்தானே, பெரிய டாக்டர் யாரும் பார்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன். என்னைவிட வயது குறைந்தவர் என்பதைத் தவிர அந்தப் பெண்ணிடம் நான் எந்தக் குறையும் கண்டதில்லை.

நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தினார். நான் கண் காயாமல் இருக்கக் கொடுத்த அந்தத் தண்ணீர் மருந்தை எடுத்து விட்டேன்.

"வெள்ள மருந்தா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அப்புறம் கட்டத் தாளில் வெள்ளை மருந்துக்கு நேராக டிக் போட்டேன். பார்க்காத பீஸுக்கு நான் ஒருநாளும் டிக் போட்டவள் இல்லை. அப்படிப் போட்ட ஒருத்தியைப் பற்றி நானே சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் ரெண்டாவது டிக் சுலபமாக விழுந்தது. மூன்றாம் நாள் நானே என்னைக் கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். டாக்டரையும் பகைக்கவில்லை, கண்ணையும் காப்பாற்றிவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது வீக்கம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றார் டாக்டரம்மா. நாலு வேளை போதாது, வெள்ளை மருந்தை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுங்கள் என்று மாற்றி எழுதினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பொய் டிக் போட்டேன்.

அவர் கண்ணை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளைப் பகுதியிலிருந்து கறுப்பு விழிக்குள் மயிரிழை போலச் சிவப்பு நரம்புகள் ஊர்ந்து போயிருந்தன. கையில் எடுத்த சட்டையில் நூல் பிசகினாலே கண்டுபிடிக்கிறவள், புருஷன் கண்ணில் அதைப் பார்த்தும் தள்ளிவிட்டேன். சிவப்பு என்றால் சண்டை நடக்கிறது என்று டாக்டரே சொன்னாரே, நடக்கட்டும், நல்லதுதான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். முதலில் சிவப்பு போனதைப் பார்த்து ஏமாந்தேன். இப்போது சிவப்பு இருப்பதைப் பார்த்து ஏமாந்தேன். வெளிச்சம் குத்துகிறது என்று அவர் சொன்னபோது ஜன்னலுக்கு என் பழைய போர்வையைக் கட்டினேன்.

இன்னும் மூன்று நாள் போயிற்று. அடுத்த தடவை டாக்டரம்மா கருவியில் வெகு நேரம் பார்த்தார். எழுந்துபோய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். ரெண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள், இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, வெள்ளை மருந்து விடாமல் போடுகிறீர்களா என்று கேட்டார். போடுகிறேன் என்று கட்டத் தாளை நீட்டினேன். அவர் அதில் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். அவ்வளவு ஒழுங்கான தாளை அவர் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியானால் ஏதோ தப்பாக இருக்கிறது என்றார். இவ்வளவு ஸ்டீராய்டு போட்டும் இப்படி இருக்கிறது என்றால் முதல் சோதனையில் தெரியாமல் உள்ளே பூஞ்சை இருக்கலாம். அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் இன்றைக்கே மறுபடி சுரண்டி எடுக்க வேண்டும், இந்தத் தடவை கொஞ்சம் ஆழமாக. கண் அடங்காவிட்டால் விழியை மாற்றி வைக்கிற ஆபரேஷன் வரை போகலாம்.

வெளிச்சம் குத்த, என் வீட்டுக்காரர் ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டு எழுந்து, கையால் தடவிக்கொண்டே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மரத்துப்போகிற மருந்தை நர்ஸ் விட்டார். அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை என் மணிக்கட்டுக்காகக் காற்றில் துழாவியது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டால் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நர்ஸ் தட்டில் கத்தியை எடுத்து வைத்தார்.

"டாக்டர், போடல" என்றேன்.

எதை என்று அவர் கேட்டார். கைப்பையிலிருந்து வெள்ளை மருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூடியில் சீல் உடையாமல் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், கட்டத் தாளைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவர் நர்ஸைப் பார்த்துத் தட்டை எடுத்துப் போகச் சொன்னார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. என் தாளை நம்பி எந்தத் திசையில் போக இருந்தோம் என்று நினைத்திருப்பார்.

நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டே என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அப்ப இத்தினி நாளா இன்னாமே ஊத்துன?"

சொன்னேன். கண் காயாமல் இருக்க விடுகிற தண்ணீர் மருந்து என்றேன். பயந்துவிட்டேன் என்றேன். அவர் துழாவிக்கொண்டிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அங்கேயே சீலை உடைத்தார். நன்றாகக் குலுக்கி, ஒரு சொட்டு விட்டார். மணியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் எங்களை வெளியே உட்காரச் சொல்லி, மறுபடி கூப்பிட்டு இன்னொரு சொட்டு விட்டார். அந்த ஒரு மணி நேரமும் பெஞ்சில் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் மருந்துப் பை இருந்தது.

நாலே நாளில் மாற்றம் தெரிந்தது. எனக்கே தெரிந்தது. விழிக்குள் ஊர்ந்திருந்த நரம்புகள் சுருங்கின. ஜன்னல் போர்வையை அவரே அவிழ்த்துப் போட்டார். கிருமி மருந்துகள் ஒவ்வொன்றாக நின்றன. வெள்ளை மருந்து மட்டும் நிற்கவில்லை. அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அது கண்ணின் பிரஷரை ஏற்றிவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள். இத்தனை கட்டுப்பாடு உள்ள மருந்தைத்தான் நான் முதலில் மோர் விடுகிற மாதிரி விட்டேன்.

கண் அடங்கியபின் தழும்பு துலக்கமாகத் தெரிந்தது. விழியின் நடுவில், மிளகளவு, சுண்ணாம்புப் பொட்டு மாதிரி. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய், அந்த ஆறு நாளும் ஒழுங்காகப் போட்டிருந்தால் இது இன்னும் சின்னதாக இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இருந்திருக்கலாம். இதே அளவுகூட வந்திருக்கலாம். இந்த மருந்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கெடைக்கறதில்ல. உங்களாலதான்னு நான் சொல்லமாட்டேன். இல்லைன்னும் என்னால சொல்லமுடியாது" என்றார்.

உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் கோயிலுக்குப் போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் பஸ் ஏறினேன். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறேன். சமைத்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆறு நாளை எண்ணுவேன். ஒரு நாள் ஆறும் என் தலையில் விழும், ஒரு நாள் ஒன்றும் விழாது.

ஷாப்பில் அவரை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. தேய்த்து முடித்த பீஸ்களுக்கு எண்ணெய் தடவிப் பேப்பரில் சுற்றி அடுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார். இவர் மெஷினில் இப்போது பட்டாபிராமிலிருந்து வருகிற ஒருவர் நிற்கிறார். அளவு சரியாக இருக்கிறதா என்று அந்த ஆள் இவரிடம் கேட்க வருவாராம். இவர் இடது கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்குப் பழக்கமில்லை, வேறு யாரையாவது கேள் என்று அனுப்பிவிடுவாராம். இதை அவர் சொல்லவில்லை. பஸ் டிக்கெட் டர்னர் என்னிடம் மார்க்கெட்டில் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

என்னை அவர் ஒருநாளும் திட்டவில்லை. அவருடைய அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சத்தம் போடுகிறவள் நான்தான். இந்த விஷயத்தில் அவர் ஒரு பாட்டம் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது முடித்திருப்பேன். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். நான் உண்மையைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மருந்து வேளையில் நான் பாட்டிலோடு பக்கத்தில் போனேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். தானே குலுக்கினார். அதற்குப் பிறகுதான் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தை நிமிர்த்தினார். அடுத்த வேளையும் அப்படித்தான். அதற்கடுத்த வேளையும். எனக்கு அது நியாயம் என்றுதான் பட்டது. நியாயமாக இருப்பதாலேயே தாங்க முடியவில்லை.

போன மாதம் கடைசியாகப் போனபோது இடது கண்ணை மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மேலே இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்தைச் சொன்னார். அடுத்த வரியில் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றார். விழியை மாற்றுகிற ஆபரேஷன் பற்றி ஒரு வருஷம் கழித்துப் பேசலாம், அதுவரை வெள்ளை மருந்தை ஒரு நாளைக்கு ஒரு சொட்டாகத் தொடரட்டும் என்றார் டாக்டரம்மா. எழுதிக்கொண்டே, வழக்கமாகக் கேட்பதைப்போல என்னைப் பார்த்து, மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நான் பேரு பாத்துட்டுதான் ஊத்திக்கிறேன் டாக்டர்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பாமல் அதை ஃபைலில் எழுதிக்கொண்டார்.